வேலையை விடுவதற்கு முன்

அன்பு மகளுக்கு,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. கடைசியாகப் பேசியபோது, "வானியலுக்குப் போகலாம்னு இருக்கேன்பா" என்றாய். பதில் சொல்லாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நீ படித்த கணினி அங்கே வீண்போகாது. ரூபின் வானாய்வகம் ஓர் இரவில் எடுக்கும் தரவு சுமார் 20 டெராபைட். கையா விண்கலத்தின் 2022 அட்டவணையில் ஏறத்தாழ 180 கோடி வான்பொருள்கள். உன் எஸ்கியூஎல், பைத்தான் நிரலாக்கமெல்லாம் அப்படியே பயன்படும். உன் கை சுத்தமாக நிரல் எழுதும் என்று எனக்குத் தெரியும்.

குறை இயற்பியலில்தான். முதலாண்டுப் பாடம் போதாது. இயக்கவியல், மின்காந்தவியல், குவாண்டம், புள்ளியியல் இயற்பியல், இந்த நான்கையும் தாளில் கணக்குப் போட்டுப் படி. வீடியோ பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். மாலை நேரம் போதும், இதற்காக வேலையை விட வேண்டியதில்லை.

கூடவே, வேறு விண்மீன்களின் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒளிவளைவு ஒன்றை, அதாவது ஒரு விண்மீனின் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்தை இறக்கி, லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் திறந்து பார். சூரியன் போன்ற விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி 1 சதவீதம் குறையும். பூமி அளவென்றால் 0.008 சதவீதம்தான். வரைபடத்தில் அப்படி ஒரு பள்ளம் தெரிந்ததும் கோள் என்று முடிவு கட்டாதே. ஒற்றைப்படைப் பள்ளங்களையும் இரட்டைப்படைப் பள்ளங்களையும் தனித்தனியாக அடுக்கு. ஆழம் வேறுபட்டால் அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன். டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்நொடி அகலம் (ஒரு பாகைக்கு 3600 வில்நொடி). பக்கத்து விண்மீனின் ஒளியும் அதற்குள் கசிந்துவிடும். வானில் கிழக்கு-மேற்கு இடத்தைக் குறிக்கும் வல ஏற்றம் மணியில் இருந்தால் 15ஆல் பெருக்கிப் பாகையாக்கு. மறந்தால் நிரல் பிழை காட்டாது, வானத்தில் வேறெங்கோ போய் நிற்பாய்.

பிஎச்டி ஐந்தாறு வருடம். பிறகு இரண்டு மூன்று வருட ஒப்பந்தங்கள், பெரும்பாலும் ஊர் மாறி ஊர். நிரந்தர இடம் குறைவு. அதனால்தான் சொல்கிறேன், வேலையை விட்டுவிடாதே. வானாய்வகங்களுக்கு மென்பொருள் பொறியாளர்களும் வேண்டும். தொலைநோக்கிக் கட்டுப்பாடு, தரவுச் சுத்திகரிப்பு எல்லாம் அவர்கள் கையில். அப்படி உள்ளே போய், இயற்பியலை முடித்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு மாறலாம். எங்களிடம் ஒரு வார்த்தை முதலிலேயே கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

இல்லை, சொல்லியிருக்க மாட்டேன். கல்லூரி விண்ணப்பத்தில் இயற்பியலை முதல் விருப்பமாக நீ எழுதியிருந்தாய். அதை அடித்துக் கணினிப் பொறியியல் என்று மாற்றியது நான். மதிப்பெண் போதவில்லை என்று நீ அழுதாய். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது.

வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதே. மின்காந்தவியலில் எந்த அத்தியாயத்தில் நிற்கிறாய் என்று எழுது. ஞாயிறு காலை போன் பண்ணு. நானே எடுக்கிறேன்.

அப்பா