ட்ஷெஷ்சான்கா, சோட்செ, புஹ்வி கிராமங்களின் மரவேலைப்பாடுகளைக் காக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ட்ஷெஷ்சான்கா கிராமத்து மரவீட்டு உரிமையாளர்கள்.

பெறுநர்:
மாவட்டத் தலைவர் அவர்கள்,
ஹைனுவ்கா மாவட்டம், போலந்து.

பொருள்: பழைய மரவீடுகளின் சன்னல் கதவுகளைப் பழுதுபார்க்க மானியம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நாரெவ் ஆற்றை ஒட்டிய எங்கள் மூன்று கிராமங்களையும் 'திறந்த சன்னல் கதவுகளின் நாடு' என்று அழைப்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஊரின் பச்சை நிற ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தையும் புஹ்வியின் நீல நிறத் தேவாலயத்தையும் பார்க்க வருவோர், வழியெங்கும் நின்று பார்ப்பது வீடுகளின் சன்னல்களைத்தான். ரஷ்ய மரபின் சாயலில் இழைத்து அறுத்த சன்னல் மேற்பலகைகளும் மூலைப்பலகைகளும் இப்போது ஒவ்வொன்றாக உதிர்ந்து வருகின்றன.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சன்னலின் கீழ்க்கீல் பக்கம் பலகை இற்றுப்போய், விரலால் அழுத்தினாலே தூளாகக் கொட்டுகிறது. மேலே செதுக்கிய பூவேலையோ இன்னும் கூர் மழுங்காமல் இருக்கிறது. அதே மாதிரியில் புதிதாக அறுத்துப் பொருத்தும் தச்சருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாமல் பிளாஸ்டிக் சன்னலுக்கு மாறுகிறவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் மாவட்டத்திலுள்ள பியாவோவியெஜா காட்டில் 1919-இல் அற்றுப்போன ஐரோப்பியக் காட்டெருதை, காட்சிசாலைகளில் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டு 1929 முதல் வளர்த்து, 1952-இல் மீண்டும் காட்டில் விட்ட பெருமை இம்மண்ணுக்கு உண்டு. இற்றுப்போன பலகைக்கு அப்படி வேறெங்கும் மிச்சம் இராது என்பதாலேயே இவ்வளவு வற்புறுத்தி எழுதுகிறோம்.

பாரம்பரியச் சின்னங்களைக் காப்பதற்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டம் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பராமரிப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது. உள்ளாட்சியின் பாரம்பரியச் சின்னப் பதிவேட்டில் உள்ள கட்டடங்களுக்கு மாவட்ட மன்றம் மானியம் வழங்கவும் இடமளிக்கிறது. ஆகவே, அடுத்த திட்டத்தில் இக்கிராமங்களைப் பெயர் சொல்லிச் சேர்த்து, சன்னல் வேலைப்பாடுகளுக்கென்று தனி நிதி ஒதுக்கித் தருமாறும், அதுவரை காத்திராமல் ஒவ்வொரு வீட்டின் மாதிரியையும் அளவெடுத்துப் படம்பிடித்து வைக்க உத்தரவிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

அளவெடுக்க வருவோருக்கு எங்கள் வீடுகளைத் திறந்துவிடவும், பரணில் கிடக்கும் பழைய பலகைகளை மாதிரிக்குத் தரவும் சம்மதிக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மரவீட்டு உரிமையாளர்கள்.