வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தை அளந்து பாருங்கள்

கொழும்பிலிருந்து இணையவழிச் சேவைகளை நடத்தும் நிறுவனங்களின் பணிப்பாளர்களுக்கும் தொழில்நுட்பப் பொறுப்பாளர்களுக்கும்,

மதிப்பிற்குரியீர்,

வைத்தியரைச் சந்திக்க நேரம் பதிவது முதல் மாதாந்தக் கட்டணப் பட்டியல்களைச் செலுத்துவது வரை எத்தனையோ காரியங்களுக்கு இன்று மக்கள் உங்கள் இணையத்தளங்களையே நம்பியிருக்கிறார்கள். அவற்றுள் பல, மும்பாயிலோ சிங்கப்பூரிலோ உள்ள கிளவுட் சேர்வர்களில், அதாவது இணையவழி வாடகைக்கு எடுக்கும் கணினிகளில், இயங்குகின்றன. ஒரு சேவை மெதுவாகிவிட்டது என்பதை, வாடிக்கையாளர் தொலைபேசியில் முறையிட்ட பிறகே அதை நடத்துபவர்கள் அறிந்துகொள்ளும் நிலை மாற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சேர்வரின் நிலையைக் காட்ட கிளவுட் நிறுவனம் தானாகத் தரும் வரைபடங்களே போதும் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச், அந்நிறுவனம் வாடகைக்குத் தரும் ஈசி2 சேர்வர் ஒன்றுக்கு இயல்பாகத் தருவது 5 நிமிடங்களுக்கு ஒருமுறை எடுக்கப்படும் அளவீடுகளையே. நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுகூட, அதற்கான ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளைச் சேர்வரில் தனியே நிறுவினால்தான் தெரியவரும். சேர்வரின் செயலகமான சிபியு அமைதியாக இருக்கும் அதே வேளையில், தரவுத்தள இணைப்புக் கிடைக்காமல் கோரிக்கைகள் வரிசையில் தேங்கி நிற்கலாம்.

நான் பணியாற்றிய ஒரு முற்பதிவுச் சேவையில் வைத்தியர் பட்டியல் திறக்க ஐந்தாறு செக்கன் எடுத்தது. இன்னும் பெரிய சேர்வருக்கு மாறலாம் என்று முகாமைத்துவம் ஏறக்குறைய முடிவெடுத்திருந்த நேரத்தில், செயலியின் இயக்கத்தை அளந்து பதியும் கருவியான ஓப்பன்டெலிமெட்ரியை அதில் இணைத்து, ஒரு கோரிக்கை போய்வரும் வழி முழுவதையும் காட்டும் ட்ரேஸைத் திறந்து பார்த்தோம். பட்டியலை எடுக்கத் தரவுத்தளத்திடம் ஒரு வினவல், அதாவது ஒரு கேள்வி. பின்னர் பட்டியலிலுள்ள ஒவ்வொரு வைத்தியரின் நேர அட்டவணைக்கும் தனித்தனி வினவலாக எண்பதுக்கு மேல். செயலி மும்பாயில், தரவுத்தளம் சிங்கப்பூரில். ஒவ்வொரு வினவலையும் தரவுத்தளம் ஓரிரு மில்லிசெக்கனில் முடித்துவிட்டதால், மெதுவான வினவல்களின் பதிவேட்டில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஒரு போய்வரவுக்கு 60 மில்லிசெக்கன் அளவில் கடல் கடந்த பயணமே முழு நேரத்தையும் தின்றிருந்தது. அத்தனையையும் ஒரே வினவலாக மாற்றி எழுதியதும் பக்கம் ஒரு செக்கனுக்குள் திறந்தது. சேர்வர் பழையதுதான்.

சராசரியை நம்பி இருந்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நூறு கோரிக்கைகளில் 95க்கு 0.3 செக்கனும் எஞ்சிய 5க்கு 12 செக்கனும் எடுத்தால், சராசரி 0.9 செக்கனைத் தொடாது. அந்த ஐந்து பேரோ பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள். கூகிள் தன் அளவுகோலில், பக்கத்தின் முதன்மையான உள்ளடக்கம் 2.5 செக்கனுக்குள் தோன்ற வேண்டும் என்றும், வருகைகளில் குறைந்தது 75 வீதமானவை அப்படி அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. இதை அலுவலகத்து ஃபைபர் இணைப்பில் சோதித்துப் பயனில்லை. ஹற்றனிலும் வவுனியாவிலும் கைபேசி டேட்டாவில் பக்கத்தைத் திறப்பவரின் உலாவியிலிருந்தே அளவீடு வர வேண்டும்.

செலவு பற்றிய தயக்கம் நியாயமானது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு டொலரில் வரும் ஒவ்வொரு கட்டணமும் நமக்குப் பாரமாகவே இருக்கிறது. ஆயினும், 2019இல் ஓப்பன்ட்ரேஸிங், ஓப்பன்சென்சஸ் ஆகிய இரு திட்டங்களும் இணைந்து உருவான ஓப்பன்டெலிமெட்ரி திறந்த மூலமானது; யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். எந்த ஒரு நிறுவனத்தோடும் உங்களைக் கட்டிப்போடாது. எல்லா ட்ரேஸ்களையும் சேமிக்க வேண்டியதுமில்லை: பிழையில் முடிந்தவற்றையும் மெதுவானவற்றையும் முழுமையாக வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒரு சிறு பங்கை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. தேசிய அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இணைய முகவரிகள் வழியாக ட்ரேஸ்களுக்குள் எளிதில் புகுந்துவிடும். கிளவுட்வாட்ச் பதிவேடுகளோ, நீங்கள் காலவரையறை குறிப்பிடாதவரை அழியாமலே இருக்கும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாட்டில் இருக்கையில், அந்த இலக்கங்களை ட்ரேஸ்களிலும் பதிவேடுகளிலும் சேரும் முன்பே நீக்குவது உங்கள் கடமை.

ஆகவே, அடுத்த மென்பொருள் ஒப்பந்தத்தை எழுதும்போது, எந்தப் பக்கம் எத்தனை செக்கனுக்குள் திறக்க வேண்டும், அது தவறினால் எச்சரிக்கை யாருடைய கைபேசிக்குப் போக வேண்டும் என்ற இரண்டையும் அதில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழும்பில் பணியாற்றும் மென்பொருள் பொறியியலாளர் ஒருவர்