முதல் விதியை அடித்துவிடு

அன்புள்ள சேது,

உன் கடிதமும் 'போர்க்காலச் செய்தி விதிகள்' வரைவும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். பெரியவருக்கு இப்போது பரவாயில்லை. மூக்குக்கண்ணாடி விஷயத்தை நீ யாரிடமும் சொல்லவில்லையே? சொல்லாதே. பதில் தாமதமானதற்குத் திட்டியிருந்தாய், திட்டிக்கொள். வரைவைப் படித்த சூட்டோடு எழுதியிருந்தால் நீ கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பாய்.

"நாட்டு நலனுக்கு எதிரான எதையும் வெளியிடக் கூடாது." இது முதல் விதியாம். உன் நடை மாதிரியே இல்லை, நம்ம 'அடைப்புக்குறி' எழுதிக் கொடுத்தாரா? இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்து விழுகிறது. செய்தி டெஸ்கில் தனியாக இருக்கும் பிள்ளை இந்த விதியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? பயந்த பிள்ளையாக இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்தும். துணிந்த பிள்ளை எல்லாவற்றையும் போடும். விதி இரண்டு பேருக்குமே உதவவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதைப் போட்டால், எதிரிக்கு இப்போது தெரியாத எது புதிதாகத் தெரியவரும்? அதை வைத்து அவன் எவ்வளவு நேரத்துக்குள் என்ன செய்ய முடியும்? இரண்டுக்கும் பதில் சொல்ல முடிந்தால் நிறுத்து. முடியாவிட்டால் போடு. 1931-இல் நியர் எதிர் மினசோட்டா வழக்கில், வெளியீட்டுக்கு முன்கூட்டியே தடை போடக் கூடாது என்று தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், போர்க்காலச் செய்திகளில் விதிவிலக்குக்கு உதாரணம் சொன்னபோது எதைச் சொன்னது? படைக்கப்பல் புறப்படும் நாள், படையின் எண்ணிக்கை, அது இருக்கும் இடம். நாள், எண், இடம், அவ்வளவுதான். மன உறுதி, தேசத்தின் கௌரவம் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரிந்தே சொல்கிறேன்: உன் முதல் விதி தேசபக்தியை அளக்கிறது. ஆபத்தான செய்திகளில் பாதி தேசபக்தி சொட்டச் சொட்டத்தான் வரும்.

1942 ஜூன் 7-ஐ எடுத்துக்கொள். மிட்வே கடற்போரில் அமெரிக்கா ஜெயித்த கையோடு சிகாகோ ட்ரிப்யூன் ஒரு செய்தி போட்டது. ஜப்பானியர் தாக்கப்போவது கடற்படைக்கு முன்பே தெரியும் என்பது சாரம். எந்தெந்த ஜப்பானியக் கப்பல்கள் வந்தன என்ற பட்டியலும் உண்டு. பெருமை பொங்கும் வெற்றிச் செய்தி, உன் முதல் விதி அதைக் கைதட்டி உள்ளே விட்டிருக்கும். ஆனால் கூர்ந்து படிக்கிறவனுக்கு அது சொன்னது ஒன்றுதான்: ஜப்பானியக் கடற்படையின் சங்கேதம் உடைக்கப்பட்டுவிட்டது. அன்றைய அமெரிக்கத் தணிக்கை அலுவலகத்தின் விதிப்புத்தகம் சொந்தக் கப்பல்களைப் பற்றித்தான் கறாராக இருந்தது, எதிரிக் கப்பல்களைப் பற்றி எழுதுவதைத் தெளிவாகத் தடுக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் செய்தி வெளியே போனது. அரசு வழக்குப் போடக் கிளம்பியது. ஆனால் நடந்த தீங்கை நிரூபிக்க வேண்டுமானால் சங்கேதம் உடைந்ததைக் கடற்படையே ஒப்புக்கொள்ள வேண்டும். அது வாய் திறக்கவில்லை, வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் கிராண்ட் ஜூரி குற்றம்சாட்ட மறுத்துவிட்டது.

உன் ஆறாம் விதியிலும் இதே ஓட்டை. 'நமது படைகள்' என்று மட்டும் போட்டிருக்கிறாய். 'நமக்கு எப்படித் தெரிந்தது' என்பதையும் சேர். எதிரியின் பேச்சை ஒட்டுக்கேட்டது, உள்ளே ஆள் இருப்பது, எந்தக் கருவி பிடித்தது என்பதெல்லாம் தகவலைவிட விலை உயர்ந்தவை. தகவல் ஒருமுறைதான் பயன்படும், வழி அடைபட்டால் திரும்பக் கிடைக்காது.

பெருமையின் இன்னொரு ரகம், பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 பாக்லாந்து போரில். அர்ஜென்டின விமானிகள் மிகத் தாழப் பறந்து குண்டு போட்டதால், குண்டை வெடிக்கவைக்கும் பியூஸ் தயாராவதற்குள் குண்டு கப்பலைத் தொட்டுவிடும், பல வெடிக்கவில்லை. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் என்று செய்தி போட்டால் எதிரி பியூஸைத் திருத்திக்கொள்வான். 'நம் கப்பல் தப்பியது' என்பது செய்தி. 'ஏன் தப்பியது' என்பதைப் போர் முடியும்வரை பெட்டியில் வை. 2025 மே மாதம் சில இந்தியத் தொலைக்காட்சிகள் கராச்சித் துறைமுகத்தையே தகர்த்துவிட்டதாக ஓட்டினவே, அதையும் உன் விதி தடுத்திருக்காது. நாட்டு நலனுக்கு எதிராக அதில் ஒரு சொல்கூட இல்லை. உண்மைதான் இல்லை.

சரி, கைவேலைக்கு வருவோம். படங்களுக்கு நீ எழுதியிருக்கும் 'மெட்டாடேட்டாவை நீக்கவும்' (படக் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இடம், நேர விவரங்கள்) நல்ல விதி, ஆனால் அது ஆரம்பம் மட்டும்தான். ஜிபிஎஸ் எண் போனாலும் படத்துக்குள் இடம் இருக்கும்: மலை முகடு, செல்போன் கோபுரம், கடைப் பலகை, மின்கம்பத்து எண், ஒலிபெருக்கியில் கேட்கும் ஊர்ப் பெயர். நிழல் விழும் திசையும் நீளமும் நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். பின்னணியை மங்கலாக்கினால் போதும் என்று நினைக்காதே, அதே இடத்தை வேறொருவர் வேறு கோணத்தில் தெளிவாகப் போட்டிருப்பார், இரண்டையும் சேர்த்து வைத்தால் முடிந்தது கதை. நெருக்கமாக வெட்டு. வீடியோவில் ஒலியைத் தனியாகக் கேட்டுப் பார்க்கச் சொல். போட்டோகிராபருக்குச் சொன்னதைக் கூடப் போகும் டிரைவருக்கும் சொல். அவர் போனில் போடும் ஸ்டேட்டஸ் எந்த டெஸ்க் வழியாகவும் வராது.

ஏவுகணை விழுந்த இடத்தைப் பற்றி உன் வரைவில் ஒரு வரிகூட இல்லை. இது பெரிய குறை. நீண்ட தூரத்திலிருந்து சுடுகிறவனுக்குக் குறி எங்கே விலகியது என்று தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். 1944-இல் ஜெர்மானியரின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டனை நோக்கி வந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகள் 'தெற்கு இங்கிலாந்து' என்பதற்கு மேல் இடம் சொல்லவில்லை. குண்டுகள் சராசரியாக நகர மையத்தை எட்டாமல் தென்கிழக்கிலேயே விழுந்துகொண்டிருந்தன. ஜெர்மனிக்கு உளவு சொல்வதுபோல் நடித்துப் பிரிட்டனுக்கு வேலை செய்த இரட்டை உளவாளிகள் வடக்கிலும் வடமேற்கிலும் விழுந்தவற்றைப் பற்றியே சொல்லி, குறி நீண்டுவிட்டதாக ஜெர்மானியரை நம்பவைத்தார்கள். ஒரு பத்திரிகை தெருப் பெயரோடு நேரத்தையும் போட்டிருந்தால் அத்தனையும் கெட்டிருக்கும். ஆகவே விழுந்த இடம், விழுந்த நேரம் இரண்டையும் சேர்த்துப் போடாதே. மாவட்ட அளவில் சொல். இடிந்த வீட்டையும் அடிபட்டவர்களையும் காட்டலாம், மொட்டை மாடியிலிருந்து எடுத்த அகலக் காட்சி வேண்டாம். தாக்குதல் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது லைவ் கூடவே கூடாது. 2008 மும்பைத் தாக்குதலில் ஓட்டலுக்குள் இருந்த பயங்கரவாதிகளைப் போனில் இயக்கியவர்கள் டிவி பார்த்துத்தான் இயக்கினார்கள். உச்ச நீதிமன்றம் 2012 தீர்ப்பில் அந்த நேரலையைக் கடுமையாகக் கண்டித்தது. 2015-இல் கேபிள் டிவி விதியிலேயே தடை வந்தது: பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கை முடியும்வரை, நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது சொல்வதை மட்டும் ஒளிபரப்பலாம். இந்த விஷயத்தில் அரசுப் பக்கம்தான் நியாயம், நம் ஆட்கள் முனகினாலும்.

இனி உன் ஒன்பதாம் விதி. 'பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டால் செய்தியை நிறுத்திவைக்கவும்.' இதை ஒரே வரியில் முடித்துவிட்டாயே. இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

ஜப்பான் 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல்வரை ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பலூன்களில் குண்டு கட்டி, உயரக் காற்றில் அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டது. சில நூறுதான் அங்கே கண்டெடுக்கப்பட்டன. 1945 ஜனவரியில் தணிக்கை அலுவலகம் பத்திரிகைகளிடம் கேட்டுக்கொண்டது: எழுதாதீர்கள். சட்டம் காட்டி மிரட்டவில்லை, வேண்டுகோள்தான். பத்திரிகைகள் கேட்டன. ஜப்பானுக்கு ஏறக்குறைய எந்தச் செய்தியும் போய்ச் சேரவில்லை. பலூன் போனதா, கடலில் விழுந்ததா, ஒன்றும் தெரியாமல் திட்டத்தைக் கைவிட்டார்கள். பலூனில் நிரப்பும் ஹைட்ரஜனைத் தயாரித்த தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் அடிபட்டதும் ஒரு காரணம். ஆனாலும் பத்திரிகை மௌனம் வேலை செய்தது என்பதில் சந்தேகமில்லை. இதுவரை அடைப்புக்குறிக்குப் பிடித்த கதை.

மே 5. ஆரெகான் மாநிலத்தில் பிளை என்ற ஊருக்குப் பக்கத்துக் காடு. உலா வந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் ஐந்து பிள்ளைகளும் தரையில் கிடந்த ஒரு பொருளைக் கண்டார்கள். வெடித்தது. ஆறு பேரும் செத்தார்கள். அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பலூன் விடுவதை ஜப்பான் நிறுத்திப் பல நாள் ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான், அதே மாதத்தில், அரசு மக்களை வெளிப்படையாக எச்சரித்தது.

சேது, அந்த மௌனம் தவறென்று நான் சொல்லவில்லை. மௌனத்துக்குள் இரண்டு தகவல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, அவற்றை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கே விழுந்தது, எத்தனை, எப்போது என்பது ஜப்பானுக்கு வேண்டியது. 'காட்டில் தாளும் கயிறுமாக எதையாவது கண்டால் தொடாதே' என்பது ஆரெகான்காரனுக்கு வேண்டியது. இரண்டாவதை இடம் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். அதனால் நிறுத்தச் சொல்லிப் போன் வந்தால் டெஸ்க் கேட்க வேண்டியவற்றை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டு:

கேட்பவர் யார், எந்தப் பதவி, திரும்ப அழைக்க எந்த எண்? முழுச் செய்தியும் ஆபத்தா, அதில் எந்த விவரம்? அது தெரிந்தால் எதிரி என்ன செய்வான்? எந்த நாள், எந்த மணிவரை? இதை மறைப்பதால் நம் மக்களில் யாருக்காவது ஆபத்து உண்டா?

கடைசிக் கேள்வியை அதிகாரி கேட்கமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். பதிலை எழுதி, நேரம் குறித்து, குறித்த மணி வந்ததும் மறுபடி அழைக்கச் சொல். முடிவுநேரம் இல்லாத வேண்டுகோளை அந்த ஷிப்ட்டுக்கு மேல் மதிக்காதே, செய்தி ஆசிரியர் புதிதாக முடிவெடுக்கட்டும். ஏனென்றால் காரணம் நடுவழியில் மாறும். 1945 மே 7-இல் ரெய்ம்ஸில் ஜெர்மனி சரணடைந்தது. அங்கிருந்த நிருபர்களை எம்பார்கோ, அதாவது குறித்த நேரம்வரை வெளியிடாதே என்ற தடை, போட்டுக் கட்டினார்கள், காரணம் உயிர்ப்பாதுகாப்பு அல்ல, பெர்லினில் இன்னொரு சரணடைவுச் சடங்கு நடக்க வேண்டும் என்ற அரசியல். ஜெர்மன் வானொலியே சொன்ன பிறகு ஏபி செய்தி நிறுவனத்தின் நிருபர் எட்வர்ட் கென்னடி எம்பார்கோவை உடைத்தார். வேலை போயிற்று. ஏபி மன்னிப்புக் கேட்டது 2012-இல், அவர் செத்துப் பல காலம் கழித்து.

ரகசியம் என்ற முத்திரையைக் கண்டதும் கைகட்ட வேண்டாம் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1971 ஜூனில், வியட்நாம் போர் பற்றிய ரகசியமான பெண்டகன் ஆவணங்களை வெளியிடுவதை நிறுத்தச் சொல்லி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் அரசின் சொலிசிட்டர் ஜெனரல் எர்வின் கிரிஸ்வோல்ட். 6-க்கு 3 என்று தோற்றார். அதே மனிதர் 1989-இல், அந்த வெளியீட்டால் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து வந்ததன் சுவடையே தான் காணவில்லை என்று எழுதினார். இன்னொன்றும் கவனி: ஆவணங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த எல்ஸ்பெர்க், சமாதானப் பேச்சுவார்த்தை பற்றிய நான்கு தொகுதிகளைத் தானே கொடுக்காமல் வைத்துக்கொண்டார். விவரம் விவரமாகப் பிரிப்பது என்றால் இதுதான். நம் பக்கத்தில் மீடியாஒன் என்ற மலையாளச் செய்திச் சேனலின் உரிமத்தைப் புதுப்பிக்க அரசு மறுத்த வழக்கு இருக்கிறது. மூடிய உறையைக் கொடுத்து 'பாதுகாப்பு' என்று மட்டும் சொன்னால் போதாது என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வக்கீலிடம் அதைப் படிக்கச் சொல்.

பாக்லாந்தில் கூஸ் கிரீன் என்ற இடத்தைப் பிரிட்டிஷ் படை தாக்குவதற்கு முன்பே பிபிசி உலகச் சேவை அதைச் சொல்லிவிட்டதே, அந்தத் தகவல் போர்முனை நிருபரிடமிருந்து வரவில்லை, லண்டனிலிருந்து வந்தது. ஆகவே மேலிடத்திலிருந்து ஒருவர் தானாக வந்து ஊட்டும் தகவலுக்கும் இதே கேள்விகள்தான்.

மற்றவை சில்லறை. இறந்த வீரர் பெயர்: குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டதா என்று உறுதிசெய்யாமல் போடாதே. 2003 ஈராக் போரில் அமெரிக்கப் படை நிருபர்களுக்குக் கொடுத்த விதி, குடும்பத்துக்குத் தெரிவித்த பிறகு அல்லது 72 மணி நேரம், எது முந்தியதோ அது. அந்த விதித்தாளில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. சங்கடம் தரும், இழிவான செய்திகளைத் தடுப்பது இவற்றின் நோக்கமல்ல என்று படையே எழுதிவைத்திருந்தது. அதை உன் முதல் விதியின் இடத்தில் போடலாம், அடைப்புக்குறியின் முகத்தைப் பார்க்க ஆசை. போர்க்கைதிகளின் முகத்தைக் காட்டாதே, மூன்றாவது ஜெனீவா ஒப்பந்தத்தின் 13-ஆம் பிரிவு அவர்களைப் பொதுமக்களின் வேடிக்கைப் பொருளாக்குவதைத் தடுக்கிறது. நம் ஆளாயினும் எதிரியாயினும் ஒரே விதி, எதிரி என்றால் ஓட்டலாம் என்று ஒரு வால் பின்னால் சேர்த்திருக்கிறாய், வெட்டு.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு சரி. பதினொன்று எனக்குப் புரியவே இல்லை, உனக்குப் புரிகிறதா?

திருத்தியதும் அனுப்பு. ஆசிரியர் குழுவுக்கு முன்னால் இரவு டெஸ்க் பிள்ளைகளிடம் கொடுத்து, பழைய வீடியோ பத்து எடுத்து ஓடவிட்டுப் பார். எந்த விதியைப் பார்த்து அவர்கள் திகைத்து நிற்கிறார்களோ அதைத் திருப்பி எழுது. தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
ராசு