ஆடி மாதத்தை மழைக்காலம் என்று எழுதியவர்களுக்கு

பருவ உணவு அட்டவணையைத் தயாரித்து அனுப்பிய நலவாழ்வுக் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

செட்டிநாட்டு ஊர்களில் உள்ள முதியோர் இல்லங்களுக்கும் விடுதிச் சமையற்கட்டுகளுக்கும் நீங்கள் அனுப்பிய ஆறு பக்க அட்டவணை உங்கள் கையிலேயே இருக்கும். அதில் உள்ளதை நாங்கள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் பக்கத்தைப் பற்றித்தான் பேச்சு. வர்ஷ ருது, அதாவது மழைப் பருவம், ஜூலை நடு முதல் செப்டம்பர் நடு வரை. நீர்மோர், இளநீர், கூழ் மூன்றும் விலக்கு. குடிக்கச் சுக்கும் திப்பிலியும் போட்டுக் காய்ச்சிய வெந்நீர். சமையலில் புளிப்பும் உப்பும் எண்ணெயும் கூட்ட வேண்டும்.

ஜூலை நடு என்றால் ஆடி பிறக்கிற நேரம். செட்டிநாட்டில் ஆடி எப்படி இருக்கும் என்று உங்கள் குழுவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும் என்றே நம்புகிறோம். மேலைக்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பகல் பதினொரு மணிக்கு முற்றத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்த ஆடியில், அட்டவணை சுவரில் ஏறியதும் ஓர் இல்லத்தில் மோர்ப்பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எண்பதை நெருங்கிய ஆச்சிமாருக்கு வேளைக்கு ஒரு டம்ளர் சுக்கு வெந்நீர்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. பிடித்த மோர் என்றால் கேட்காமலே இரண்டு டம்ளர் உள்ளே போகும். கார வெந்நீரை இரண்டு மிடறு குடித்துவிட்டு, மிச்சத்தை யாரும் பார்க்காதபோது முற்றத்துச் சாக்கடை ஓரம் ஊற்றிவிடுவார்கள். உள்ளே போகிற தண்ணீர் பாதியாகக் குறைந்தது. இலையில் புளிப்பும் உப்பும் கூடியது. ஆடி பாதி தாண்டுவதற்குள் நீர்க்கடுப்பு வந்தது. எரிகிறதே என்று பயந்து தண்ணீரை இன்னும் குறைத்தார்கள். குறைக்கக் குறைக்கக் கடுப்பு ஏறியது. ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டே கழிவறைக்குப் போய், சொட்டுச் சொட்டாக இறங்குவதற்காக நெடுநேரம் காத்திருந்து, துணைக்கு ஆள் கூப்பிடவும் கூசித் திரும்பி வருகிற வயது அது. சமையற்காரர் பொறுக்க முடியாமல், 'மோர் ஊற்றட்டுமா?' என்று கேட்டார். 'அட்டவணையில் இல்லையே' என்று பதில் வந்தது.

அந்தப் பதிலுக்குத்தான் இந்த மடல். அந்த அட்டவணையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். நம்மூர் மழையையும் வெயிலையும் பார்த்து வேறொன்று எழுதுங்கள்.

நூல் தவறில்லை. அஷ்டாங்க ஹிருதயம் என்கிற ஆயுர்வேத நூலின் சூத்திரஸ்தானம் மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிற ருதுசர்யையை, அதாவது பருவத்துக்கேற்ற ஒழுக்கத்தை, நீங்கள் அப்படியே எடுத்திருக்கிறீர்கள். வேனிலில் வாதம் சேர்கிறது, மழையில் சீறுகிறது, மழையில் சேர்ந்த பித்தம் அதற்கு அடுத்த சரத் பருவத்தில் பொங்குகிறது என்ற வரிசையும் சரி. மழை நாளில் செரிமானத் தீ மந்தப்படும், ஆகவே சூடாகவும் புளிப்பு, உப்பு, நெய்ப்பு சேர்த்தும் சாப்பிடு என்பதும் சரியே. எல்லாம் மழை பெய்தால்! அங்கே சொல்லியிருக்கும் காரணம் மழை, ஈரம், கலங்கல் நீர், வெயில் காணாத வானம். ஜூலை என்கிற மாதம் காரணமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாகத்தான் நம் பக்கம் இறங்குகிறது. நமக்கு அடைமழை என்பது வடகிழக்குப் பருவமழை. அது வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை வரும். தமிழ்க் கணக்கின் பெரும்பொழுதிலும் ஆனியும் ஆடியும் முதுவேனில்தான்.

மாதத்தை மாற்றினால் சாஸ்திரம் கெட்டுவிடும் என்று தயங்கவும் வேண்டாம். பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதரே பருவங்களை இரண்டு விதமாக எண்ணுகிறார்: ஒன்றில் சிசிரம் என்கிற பின்பனிப் பருவம் இருக்கிறது, மற்றதில் சிசிரம் போய்ப் பிராவ்ருட் என்று மழைக்கு முந்தைய பருவம் ஒன்று வருகிறது. தேசத்தை ஜாங்கலம், ஆனூபம், சாதாரணம் என்று பிரித்துப் பார் என்று அந்த நூல்களே சொல்கின்றன. மரம் குறைந்து, நீர் குறைந்து, காற்று மிகுந்தது ஜாங்கலம். நீர் மிகுந்தது ஆனூபம், இரண்டுக்கும் நடுவானது சாதாரணம். எங்களைக் கேட்டால் இந்தச் செம்மண் பூமிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆக, ஆடிக்கு மூன்றாம் பக்கத்தை, கிரீஷ்மம் என்கிற வேனில் உணவை, அப்படியே நீட்டியிருந்தாலே போதும். நம் பெண்கள் காலகாலமாக அதைத்தான் செய்கிறார்கள். ஆடி வெள்ளியில் கோயில் வாசலில் ஊற்றுகிற கூழை நினைத்துப் பாருங்கள். நீங்கள் விலக்கச் சொன்ன அதே கூழ்.

கூழ் வயிற்றைக் கெடுக்கிறது என்று உங்களுக்குப் புகார் வந்திருக்கலாம். கெடுக்கும்தான், செய்கிற விதத்தில் செய்யாவிட்டால். ஒரு கிலோ கேழ்வரகு மாவை முந்தின நாள் சாயங்காலம் மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்து மண்பானையில் மூடி வைக்க வேண்டும். இந்த வெயிலுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். அதைத் தாண்டினால் புளிப்பு ஏறிக் குடித்தவருக்கு நெஞ்செரியும். மறுநாள் கால் கிலோ நொய்யை நான்கு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவைக் கட்டி விழாமல் ஊற்றிக் கிளற வேண்டும். அடுப்பைத் தணித்து இருபது, இருபத்தைந்து நிமிடம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மாவு வேகவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் வயிறு உப்புவதும் கழிவதும் அந்த வேகாத மாவால்தான், கூழால் இல்லை. ஆறியதும் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுங்கள். காலையில் ஒரு சொம்பு குடித்தால் மதியம்வரை தாங்கும்.

வெயில் காலத்தில் மோரே ஆகாது என்று சுஸ்ருதம் சொல்கிறதே என்று உங்களில் படித்த ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. புளித்த, கெட்டியான மோர் சூட்டைக் கிளப்பும் என்பது எங்கள் சமையற்கட்டுகளுக்கும் தெரியும். எங்கள் கணக்கு இது: அன்று காலை உறைந்த, புளிக்காத தயிர் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. கடைந்து வெண்ணெயை எடுத்துவிட்டு, கறிவேப்பிலையும் துளி உப்பும் போட்டு, காலை பத்து மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும். இஞ்சி, பச்சை மிளகாய் வேண்டாம். ராத்திரியில் மோரும் வேண்டாம், தயிரும் வேண்டாம். இளநீரைப் பொறுத்தவரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் மிகுதி. உங்கள் அட்டவணையில் எழுதியிருக்க வேண்டியது இந்த மாதிரி எச்சரிக்கைதான்.

ஆவணி, புரட்டாசி குழப்பமான மாதங்கள். பகலெல்லாம் வெயில் காய்ந்து, சாயங்காலம் இடியோடு ஒரு பாட்டம் கொட்டும். மதியச் சாப்பாட்டை வேனிலுக்கும் ராத்திரிச் சாப்பாட்டை மழைக்குமாகப் பிரித்துக்கொண்டால் தீர்ந்தது: மதியம் மோர், ராத்திரி மிளகு ரசமும் குழைந்த சாதமும்.

எங்களுக்குப் பயம் ஐந்தாம் பக்கத்தைப் பற்றித்தான். ஆடிக்குப் பட்டது போதாதென்று அடுத்தது அங்கே காத்திருக்கிறது. சரத் ருது, செப்டம்பர் நடு முதல் நவம்பர் நடு வரை. கசப்பும் இனிப்பும் துவர்ப்பும் சாப்பிடு, குளிர்ச்சியாகச் சாப்பிடு, பித்தம் இறங்கப் பேதிக்கு எடுத்துக்கொள். நவம்பர் நடு என்றால் ஐப்பசி முடிகிறவரை. அடைமழையில் துணி காயாமல், சுவர் ஓதமேறி, பசியே எடுக்காமல் போர்த்திப் படுத்திருக்கிற எழுபத்தைந்து வயது ஆச்சிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்கிறீர்கள். தீ மந்தமான நாளில், பலம் குறைந்த உடம்பில் பேதிக்குக் கொடுத்தால் நீர்ச்சத்து இறங்கி, எழுந்து நடக்கிறவரும் படுத்துவிடுவார். வைத்தியர் நாடி பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயத்தைச் சமையற்கட்டுச் சுவரில் ஒட்டுவது முறையா?

ஐப்பசியில் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? தீபாவளி லேகியம் கிளறுகிறார்கள். தீ மந்தப்படும் என்று தெரிந்துதான், எண்ணெய்ப் பலகாரத்துக்கு முன்னால் அது வயிற்றுக்குள் போகிறது. சுக்கு 50 கிராம், மல்லி 25, மிளகு, சீரகம், ஓமம், கண்டந்திப்பிலி ஒவ்வொன்றும் 20, அரிசித் திப்பிலி 10. வெறும் சட்டியில் தனித்தனியே சூடேற்றி, இடித்து, வஸ்திரகாயம் செய்ய வேண்டும், அதாவது துணியில் சலிக்க வேண்டும். சலிக்காவிட்டால் கண்டந்திப்பிலியின் நார் தொண்டையில் நிற்கும். பல் இல்லாதவர்கள் துப்பிவிடுவார்கள். 350 கிராம் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகு வைத்து, பிசுக்குப் பதம் வந்ததும் பொடியைத் தூவ வேண்டும். கம்பிப் பதம் தாண்டினால் மறுநாள் லேகியம் கல்லாகிவிடும். 50 மில்லி நல்லெண்ணெய், 100 மில்லி நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்குங்கள். தேன் விடுவதானால் நன்றாக ஆறின பிறகு இரண்டு கரண்டி. சூட்டில் தேனை விடக் கூடாது என்பது ஆயுர்வேதத்தின் அழுத்தமான விதி. பெரியவர்களுக்கு நெல்லிக்காய் அளவு, முதியவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு. சர்க்கரை நோயாளிக்கு வெல்லம் ஆகாது. அதே பொடியில் கால் ஸ்பூனைச் சாதத்தில் நெய்விட்டுப் பிசைந்து முதல் கவளமாகக் கொடுங்கள்.

லேகியத்தைப் பற்றி உங்கள் ஐந்தாம் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. ஆடிக்கூழ், கார்த்திகைப் பொரி, மார்கழியில் மிளகும் நெய்யும் மிதக்கிற வெண்பொங்கல், சித்திரைப் பிறப்பன்று வேப்பம்பூ எதற்கும் இடமில்லை. அதற்குப் பதிலாக முதல் பக்கத்தில், மாசி மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு கணப்பு அருகே உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள். காரைக்குடியில் கணப்பு எங்கே கிடைக்கும் என்ற முகவரியையும் சேர்த்துப் போட்டிருந்தால் உதவியாக இருந்திருக்கும். பழைய பார்லியும் கோதுமையும் வாங்கச் சொல்கிறீர்கள். ஓராண்டு இருப்பு வைத்த புழுங்கலரிசி நம் ஊரிலேயே கிடைக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? நூல் மெச்சுகிற அறுபது நாள் அரிசியும் அறுபதாம் குறுவை என்ற பெயரில் நம்மிடம் உண்டு.

இதைச் சொல்லப் போனால் வேறொன்றும் வாயில் வருகிறது. செட்டிநாடு என்றாலே காரம் என்று ஊரெல்லாம் பலகை மாட்டியாயிற்று. அன்னாசிப்பூவும் கல்பாசியும் அள்ளிப் போட்டு, வருஷம் பன்னிரண்டு மாதமும் ஒரே மசாலா. அரிசி களைந்த தண்ணீரில் செய்கிற மண்டியையும், தண்ணிக் குழம்பையும், ஆடிக் கும்மாயத்தையும் வந்த விருந்தாளிக்கு யார் பரிமாறுகிறார்கள்? ஒரு பக்கம் இந்தக் காரம், மறுபக்கம் பெரிய வீடுகளின் உள்முற்றமான வளவில் உட்காரவைத்துப் பச்சைச் சாறு கொடுத்து 'நச்சு நீக்கம்'. நடுவில் இந்த ஊர்க்காரர்கள் சாப்பிட்டது எதுவோ, அது மட்டும் காணோம். சரி, இது உங்கள் பாடு இல்லை. மன்னிக்கவும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இப்போதைய அட்டவணையைத் திரும்பப் பெறுங்கள். புதிதாக எழுதும்போது ஆங்கில மாதத்தைப் போடாமல், வானத்தைப் பார்த்து மாற்றும்படி எழுதுங்கள்: சேர்ந்தாற்போல மூன்று நாள் மழை பிடித்தால் மழை உணவு, மழை தள்ளிப்போனால் உணவும் தள்ளிப் போகட்டும். ஒரே நாளில் புரட்டிப் போடவும் வேண்டாம். பருவம் முடிகிற ஏழு நாளும் அடுத்தது பிறக்கிற ஏழு நாளும் சந்திக்காலம் என்று நீங்கள் எடுத்த அதே அத்தியாயம் சொல்கிறது. அந்தப் பதினான்கு நாளில் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்லுங்கள். பேதி மருந்தை அட்டவணையிலிருந்து முழுவதும் எடுத்துவிடுங்கள். எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், இந்த ஊரில் இருபது பேருக்கு மேல் தினமும் சமைக்கிற ஒருவரிடம் காட்டுங்கள். கூப்பிட்டால் வந்து உட்கார எங்களில் பலர் தயார். காபிகூட வேண்டாம்.

புரட்டாசி முடிவதற்குள் புதிய தாள் வந்துவிட்டால் ஐப்பசிக்குச் சுக்கு, திப்பிலி வாங்கி வைக்க நேரம் இருக்கும். அதுவரைக்கும், நான்காம் பக்கத்தையும் ஐந்தாம் பக்கத்தையும் கழற்றிவிடலாம் என்று எல்லா இல்லங்களுக்கும் ஒரு வரி எழுதி அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மோர் கொடுக்கலாம் என்பதை அதில் தனியாகக் குறிப்பிடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால் கொடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
செட்டிநாட்டு வட்டாரத்துச் சமையற்காரர்களும், பாரம்பரிய மருத்துவம் பயின்றவர்களும்