பழைய சைக்கிளுக்குப் பாதி விலை என்பது கணக்கே அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய வாரங்களில் பழைய சைக்கிள் வாங்குவோரும் விற்போரும் ‘வாங்கிய விலையில் பாதி’ என்ற ஒரே வாய்ப்பாட்டை வைத்துப் பேரத்தை முடித்துக்கொள்வதை, மன்னார்குடியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சைக்கிள் கடை நடத்தியவன் என்ற முறையில் தொடர்ந்து பார்த்து வருகிறேன். வண்டியைக் கண்ணுங்கருத்துமாக வைத்திருந்தவருக்கும் மழையில் போட்டுத் துருப்பிடிக்க விட்டவருக்கும் ஒரே விலையைத் தருகிற இந்த வழக்கம், பெரும்பாலும் கையில் காசு குறைவாக உள்ளவர்களையே பாதிக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

அண்மையில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தாயார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தம் மகளுக்காக ஒரு லேடீஸ் சைக்கிளை விலை பேசிவிட்டு, பணம் கொடுக்கும் முன் என்னிடம் காட்டக் கொண்டுவந்தார். வண்டி வாங்கி இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகியிருந்தது. விற்பவர் 7,000 ரூபாய்க்கான பழைய ரசீதைக் காட்டி 3,500 ரூபாய் கேட்டிருந்தார். வண்டியைத் துடைத்து, மட்கார்டுக்கு மெருகு போட்டு, புதுச் சீட்டு உறையும் மாட்டியிருந்ததால், பார்த்தவுடன் அந்த விலை மலிவாகவே தோன்றும்.

முதல் பிழை அந்த ரசீதிலேயே இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிகளுக்கும் அவற்றின் உதிரிபாகங்களுக்கும் சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுள்ளது. பழைய வரியோடு 7,000 ரூபாய்க்கு விற்ற வண்டியின் வரி சேராத விலை 6,250 ரூபாய். அதே விலைக்குப் புதிய வரியைச் சேர்த்தால் ஏறத்தாழ 6,560 ரூபாய்தான் வருகிறது. விற்பவர் அன்று எவ்வளவு கொடுத்தார் என்பது அவருடைய செலவே தவிர வண்டியின் இன்றைய மதிப்பு ஆகாது. எனவே கணக்கைத் தொடங்க வேண்டிய இடம், அதே வகைப் புது வண்டி இன்று கடையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான்.

அடுத்து வண்டியைப் பார்க்க வேண்டும். செயினை இழுத்துப் பிடித்து, ஓர் ஆணியின் நடுவிலிருந்து அளவுகோலை வைத்தால், புதுச் செயினில் இருபத்துநான்கு கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும், ஏனெனில் ஒரு கண்ணி அரை அங்குலம். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். ஒரு நூல் கூடியிருந்தால், அந்தத் தேய்ந்த செயின் பிரீவீல் எனும் பின் சக்கரப் பல்சக்கரத்தின் பற்களையும் சேர்த்துத் தின்றிருக்கும் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வண்டியில் ஒரு நூலுக்கு மேலேயே கூடியிருந்தது. டயர்களின் மேல்பகுதியில் பட்டை தெரிந்தாலும், காற்றை இறக்கிப் பக்கவாட்டை அழுத்தியபோது மயிரிழை வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தன. பெடல் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டியபோது பெடல் தண்டுகளைத் தாங்கும் பி.பி. அச்சில் ஆட்டம் இருந்தது, அதாவது அதன் கப்பும் பால்ரஸ் குண்டுகளும் தேய்ந்திருந்தன. பின் சக்கரத்தில் கோட்டம் எடுக்க, அதாவது வளைவை நேராக்க, வேண்டியிருந்தது. இவற்றில் ஒன்றைக்கூடத் துணியால் துடைத்துச் சரிசெய்துவிட முடியாது.

நான் அந்தத் தாயாருக்குத் தாளில் எழுதிக் கொடுத்த கணக்கு இதுதான். புது வண்டியின் இன்றைய விலையான 6,560 ரூபாயில் கால் பங்கு, அதாவது 1,640 ரூபாயை முதலில் கழித்தேன். நாம் மாற்றாமல் விட்டுவைக்கும் ரிம், ஹப், பெடல், ஹேண்டில்பார் ஆகியவையும் ஓரளவு உழைத்தவைதாம் என்பதற்கும், புது வண்டியோடு வரும் உத்தரவாதம் இதற்கு இல்லை என்பதற்குமான கழிவு அது. மீதி 4,920 ரூபாய். டயர், ட்யூப் இரண்டிரண்டுக்கு 1,050, செயினுக்கும் பிரீவீலுக்கும் 420, பி.பி. அச்சுக்கும் கப்புகளுக்கும் 250, பிரேக் கட்டைகளுக்கும் கம்பிக்கும் 180, ‘ஓவராயில்’ என்று நாங்கள் சொல்லும் முழுப் பிரிப்பு வேலைக்கும் கோட்டம் எடுப்பதற்கும் கூலி 500 என, ஆக வேண்டிய செலவு 2,400 ரூபாய். அதையும் கழித்தால் வண்டியின் நியாய விலை 2,520 ரூபாய். தாளைப் படித்துப் பார்த்த விற்பனையாளர் சிறிது நேரம் யோசித்துவிட்டு 2,600 ரூபாய்க்கு இசைந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. பாதி விலை என்பதுதான் நியாயம் என்று அவரும் மனதார நம்பியிருந்தார்.

கால் பங்கு என்பது என் அனுபவத்தில் கிடைத்த அளவு. மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட, அன்றாடம் ஓடிய வண்டிக்கு அது பொருந்தும். அதைவிடப் பழைய வண்டிக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கலாம். ஆனால் பிரேமில் குறை இருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பயனற்றுப் போகும். ஹேண்டில்பாருக்குக் கீழே, முன் குழாயோடு மற்றக் குழாய்கள் சேரும் இடத்தில் பெயிண்ட் சுருங்கியோ உரிந்தோ இருந்தால், வண்டி எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டு டயர்களையும் நனைத்துச் சிமென்ட் தரையில் நேராக உருட்டிப் பாருங்கள். முன் சக்கரத்தின் ஈரத் தடத்தின் மேலேயே பின் சக்கரத்தின் தடமும் விழ வேண்டும். விலகி விழுந்தால் பிரேமோ ஃபோர்க்கோ வளைந்திருக்கக்கூடும். பற்றவைத்து ஒட்டிய பிரேமுக்கு உதிரிபாக விலைக்கு மேல் ஒரு ரூபாயும் தரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் அதில் ஏறப்போவது பெரும்பாலும் ஒரு குழந்தை.

இதே பாதி விலை வழக்கம் விற்பவரைச் சுரண்டுவதையும் கண்டிருக்கிறேன். கணவரை இழந்த ஒரு மூதாட்டி, தம் கணவர் 1,600 ரூபாய்க்கு வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய கறுப்பு நிறப் பெரிய சைக்கிளை, அந்தப் பழைய விலையில் பாதி என்று சொல்லி ஒரு வியாபாரி கொடுத்த 800 ரூபாய்க்கு விற்றுவிட்டார். அந்த வண்டிக்கு ஆண்டுதோறும் என் கையாலேயே ஓவராயில் செய்திருக்கிறேன். முன் சக்கரத்தின் முப்பத்திரண்டு கம்பிகளும் பின் சக்கரத்தின் நாற்பது கம்பிகளும் ஒன்றுகூடத் துருவேறாமல் இருந்தன. இருபது கிலோ எடையுள்ள அத்தகைய வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாலே, கிலோ 30 ரூபாய் வீதம் 600 ரூபாய் கிடைத்திருக்கும். ஓடுகிற வண்டிக்கு இரும்பு விலைக்கு மேல் 200 ரூபாய் மட்டுமே கொடுத்தது பெரிய அநியாயம். விற்கும் முன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் வருந்துகிறேன்.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு வழங்கப்படும் விலையில்லா மிதிவண்டிகள், படிப்பு முடிந்தபின் கைமாறும்போதும் இதே குழப்பம் நேர்கிறது. ‘சும்மா வந்த வண்டிதானே’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். மாணவர் பணம் கொடுக்கவில்லை என்பதற்காக வண்டியின் டயரோ செயினோ மதிப்புக் குறைந்துவிடுவதில்லை. நான் மேலே சொன்ன கணக்கை அந்த வண்டிக்கும் ஒரு மாற்றமும் இன்றிப் போட வேண்டும்.

கியர் சைக்கிள்களைப் பொறுத்தவரை சற்றுக் கூடுதலாகவே கழிக்க வேண்டும் என்பேன். எங்கள் ஊர் போன்ற இடங்களில் அவற்றின் பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டியுள்ளது. விலை குறைந்த வண்டிகளில் வரும் ஷாக் அப்சார்பர் கெட்டால் பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே வழி.

விலை படிந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. மோட்டார் வாகனங்களைப் போல மிதிவண்டிக்குப் பதிவு எண் கிடையாது. பெடல் அச்சுக் குழாயின் அடியிலோ சீட்டுக் குழாயிலோ அடித்திருக்கும் பிரேம் எண்தான் அதற்கு அடையாளம். அந்த எண் அரத்தால் ராவப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம். திருட்டுப் பொருள் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையற்று அதை வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவின்படி குற்றமாகும்.

பழைய சைக்கிள் விற்கும் கடைக்காரர்கள், பிரேம் எண்ணையும், தாங்கள் மாற்றிய பாகங்களையும், இனி மாற்ற வேண்டியவற்றையும், விலையையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று, அதே தொழிலில் வாழ்ந்தவன் என்ற உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் யாரேனும் வண்டி வாங்கவோ விற்கவோ நினைத்தால், காலை வேளையில் கொண்டுவந்து காட்டினால் நானே பார்த்துக் கணக்கு எழுதித் தருகிறேன். மற்ற ஊர்களிலும் ஓய்வாக இருக்கும் மூத்த மெக்கானிக்குகள், பள்ளி திறக்கும் அந்தச் சில வாரங்களுக்காவது இதைச் செய்ய முன்வந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
மன்னார்குடி.