கைமாறும் சிமெண்ட் ஆலைகள்

ஐயா,

1946இல் தொடங்கி, நெல்லையை அடுத்த சங்கர் நகர் ஆலையோடு வளர்ந்த இந்தியா சிமெண்ட்ஸ், 2024 டிசம்பரில் ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் வசமானது. முதலில் ஏறத்தாழ 23 விழுக்காடு பங்குகளையும், பின்னர் நிறுவனர் தரப்பிடமிருந்து 32.72 விழுக்காட்டையும் வாங்கியதில் கட்டுப்பாடு கைமாறியது. (இந்தியா சிமெண்ட்ஸும் 1998இல் ராசி சிமெண்டை வாங்கித்தான் விரிவடைந்தது.) இதேபோல் அம்புஜா, ஏசிசி ஆகிய சிமெண்ட் நிறுவனங்களை 2022இல் அதானி குழுமம் வாங்கியது.

சுண்ணாம்புக்கல் சுரங்கக் குத்தகை, சுற்றுச்சூழல் அனுமதி, கட்டுமானம் எனப் புதிய ஆலைக்குப் பல ஆண்டுகள் பிடிக்கும் நிலையில், இயங்கும் நிறுவனத்தை வாங்கினால் சுரங்கமும் முகவர்களும் வாடிக்கையாளர்களும் உடனே கிடைத்துவிடுவதால், குழுமங்கள் இவ்வழியையே நாடுகின்றன. சந்தையில் கூடுதல் ஆலையோ புதிய போட்டியாளரோ இதனால் உருவாவதில்லை. இருந்த போட்டியாளர் ஒருவர் குறைகிறார். எனவே இந்தியப் போட்டி ஆணையம், இத்தகைய கைமாற்றங்களுக்கு ஒப்புதல் அளித்த பிறகும் தென்மாநிலங்களில் மூட்டை விலையைத் தொடர்ந்து கண்காணித்து, அதன் விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருநெல்வேலி