மெடலுக்கு வெளியவும் டேக்வாண்டோ இருக்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். நீ போன்ல சொன்னதுல இருந்து மனசு அதுலயே தான் சுத்திட்டு இருக்கு. சொந்தமா டேக்வாண்டோ கிளாஸ் ஆரம்பிச்சுட்ட, பசங்களும் வர ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா கொண்டு வந்து விடுற பெத்தவங்க கேக்குற மொத கேள்வியே "எப்போ போட்டிக்கு அனுப்புவீங்க, சர்டிபிகேட் வருமா, மெடல் வருமா"ன்னு தான் இருக்குன்னு சொன்ன. உன்கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க கத்துக்க ஆசைப்பட்டு, அப்புறம் "நாப்பது தாண்டிருச்சு, நான் இனிமே எந்தப் போட்டிக்குப் போகப் போறேன்"னு அவங்களே பின்வாங்கிட்டாங்கன்னும் சொன்ன. அந்த அக்கா சொன்னது தான் எனக்கு ரொம்ப உறுத்துது. போட்டிக்குப் போகலன்னா கத்துக்க ஒண்ணும் இல்லன்னு ஒரு மனுஷி நினைக்கிற அளவுக்கு இந்தக் கலைய நாம சுருக்கி வெச்சிருக்கோம். போன்ல பேசி முடியுற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து எழுதுறேன், நீளமா தான் போகும், பொறுமையா படி.

மொதல்லயே சொல்லிடுறேன், போட்டி வேணாம்னு நான் சொல்ல வரல. நீயே அதுல வளந்தவ. எதிர்ல ஒருத்தர் நிஜமாவே அடிக்க வரும்போது கண்ண மூடாம நிக்கிறது, எது எட்டுற தூரம் எது எட்டாத தூரம்னு கால் தானா கணக்குப் போடுறது, மூச்சு வாங்கும்போதும் நிதானமா யோசிக்கிறது, இதெல்லாம் ஸ்பாரிங், அதாவது ஜோடியா மோதுற பயிற்சி பண்ணாம வரவே வராது. வருஷக்கணக்கா பூம்சே, அதான் தனியா நின்னு வரிசையா பண்ற அசைவுகள், அத மட்டும் அழகா பண்ணி பிளாக் பெல்ட் கட்டுனவங்க, யாராவது லேசா ஒரு தள்ளு தள்ளுனாலே என்ன பண்றதுன்னு தெரியாம நின்னத பாத்திருக்கேன். அதனால ஸ்பாரிங்க குறைச்சு பேசாத. ஆனா போட்டிங்கிறது டேக்வாண்டோங்கிற பெரிய வீட்ல ஒரு ரூம் மட்டும் தான்மா, மத்த கதவெல்லாம் பூட்டிக் கிடக்கு, அத நீ தொறந்து விடணும்.

எப்படிப் பூட்டுச்சுன்னு கொஞ்சம் பாரு. 1955ல இந்தப் பேரே வந்தப்ப ஒலிம்பிக் யார் மனசுலயும் இல்ல. 1944ல இருந்தே கொரியால தனித்தனியா நடந்துட்டு இருந்த குவான்கள்ங்கிற பயிற்சிக் கூடங்கள், ஜப்பான்ல கராத்தே கத்துக்கிட்டு வந்த ஆளுங்க, ராணுவப் பயிற்சி, இதெல்லாம் சேர்ந்து உருவான தற்காப்புக் கலை அது. 1972ல சியோல்ல டேக்வாண்டோவோட தலைமையிடமான குக்கிவோன் தொறந்தாங்க, அடுத்த வருஷம் 1973ல உலக டேக்வாண்டோ ஃபெடரேஷன் வந்துச்சு. 1988 சியோல்லயும் 1992 பார்சிலோனாலயும் டெமோவா இருந்து, 2000 சிட்னில முழு மெடல் விளையாட்டாச்சு. அந்த வளர்ச்சி இல்லன்னா நம்ம கைக்கே இந்தக் கலை வந்திருக்காது, அந்த நன்றி எனக்கு எப்பவும் உண்டு. ஆனா விளையாட்டுன்னு வந்துட்டா ரூல் புக்கு வந்துரும், ரூல் புக்கு எதுக்கு பாயிண்ட் குடுக்குதோ உடம்பு அதத்தான் பழகும்.

இப்ப இருக்குற பாயிண்ட பாரு. நெஞ்சுல கட்டுற கார்டுல குத்து பட்டா 1, கிக் பட்டா 2, தலைக்கு கிக் 3, சுத்தி அடிச்சு கார்டுல பட்டா 4, சுத்தி தலைக்கு அடிச்சா 5. முகத்துல குத்தக்கூடாது, இடுப்புக்கு கீழ உதைக்கக்கூடாது, புடிக்கக்கூடாது, கீழ விழுந்தா கம்ஜோம், அதாவது பெனால்டி. அது ஆடுறவங்க பாதுகாப்புக்கும், ஆட்டம் வேகமா பாக்க நல்லா இருக்கவும் போட்ட ரூலு, அதுல தப்பில்ல. ஆனா விளைவு என்னன்னா, முகத்துக்கு குத்து வராதுன்னு தெரிஞ்சதால பசங்க கைய தொங்கப் போட்டுட்டு நிக்கிறாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ல எலக்ட்ரானிக் கார்டு வந்ததுக்கப்புறம் முன் கால தூக்கி வெச்சுக்கிட்டே தொட்டுத் தொட்டு பாயிண்ட் எடுக்குற ஸ்டைல் பரவுச்சு, அடியோட பலம்ங்கிறது பின்னாடி போயிருச்சு. விழுந்தா பெனால்டிங்கிறதால எப்படி விழணும்னு சொல்லிக் குடுக்கவே நிறைய கிளாஸ்ல மறந்துட்டாங்க. இதத்தான் நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஏன்னா வாழ்க்கைல அடி வாங்குற ஆளுங்கள விட வழுக்கி விழுறவங்க தான் அதிகம், பாத்ரூம்ல, படிக்கட்டுல, மழைல. தாடைய நெஞ்சோட ஒட்டி வெச்சு, கைய ஊனாம, பக்கவாட்டுல உருண்டு விழுற நக்போப்ங்கிற விழுற பயிற்சிய ஒழுங்கா கத்துக்கிட்ட ஒரு அம்மாவுக்கு அது மெடலுக்கு மேல உதவும். உன் கிளாஸ்ல மொத மாசத்துலயே அத வை, பெரியவங்களுக்கு மெத்தை மேல, உக்காந்த நிலைலருந்து மெதுவா ஆரம்பிச்சு.

அடுத்தது பூம்சே. இத தான் நான் ரொம்ப முக்கியமா சொல்ல வந்தேன். ஸ்பாரிங்ல தடை பண்ணுன எல்லாமே பூம்சேக்குள்ள பத்திரமா இருக்கு, நாம தான் அத டான்ஸ் மாதிரி பண்ண வெச்சு பெல்ட் டெஸ்ட்டுக்கு மார்க் போட்டு விட்டுடுறோம். தேகுக்னு எட்டு பூம்சே இருக்கு இல்ல, அதுல மூணாவதான சாம் ஜாங்ல கைவெட்டு எங்க போகுது, கழுத்துக்கு. அஞ்சாவதான ஓ ஜாங்ல முழங்கை இருக்கு, சுத்தியல் மாதிரி முஷ்டிய மேல இருந்து எறக்குறதும் இருக்கு. ஏழாவதான சில் ஜாங்ல ரெண்டு கையாலயும் எதிராளி தலைய புடிச்சு எறக்கி முழங்கால தூக்குறோம். இதுல எத போட்டில பண்ணுனாலும் கம்ஜோம் தான். அப்போ நிஜமாவே ஒருத்தன் கிட்ட வந்து சட்டைய புடிச்சா தேவைப்படுறது எங்க இருக்கு? கிக் அடிக்க எடமே இல்லாத அந்த தூரத்துக்கு வேண்டியது பூரா பூம்சேல தான் இருக்கு.

மொதலாவதான இல் ஜாங்கோட மொத அசைவையே எடுத்துக்கோ. இடது பக்கம் திரும்பி அரே மக்கி, அதான் கையால கீழ தடுக்குறது, அப்புறம் வலது கால் முன்ன வெச்சு குத்து. பசங்க "கீழ வர்ற கிக்க தடுக்குறோம் மாஸ்டர்"னு சொல்லுவாங்க, அது ஒரு விளக்கம், சரி தான். ஆனா இப்படியும் பண்ணிப் பாக்க சொல்லு. ஒருத்தர் உன் வலது மணிக்கட்ட புடிச்சிருக்காங்க. அரே மக்கில வலது கை இடுப்புக்கு வருது இல்ல, அந்த இழுப்ப வெறும் போஸா பண்ணாம, புடிச்ச கையோட சேத்து நிஜமாவே இடுப்புக்கு இழு, இழுக்கும்போது அவங்க கட்டை விரல் இருக்குற பக்கமா மணிக்கட்ட திருப்பு, அங்க தான் பிடி லூசா இருக்கும். அதே நேரம் வலது தோள் கிட்ட இருந்து எறங்குற இடது கை அவங்க முன்னங்கை மேல விழுது, பிடி விடுது, அடுத்த அடி முன்ன போய் குத்து, அங்கேயே நிக்காம வெளிய வந்துடணும். வொயிட் பெல்ட் கட்டுன அன்னைக்கே கத்துக்குற அசைவு இது. இத ஜோடி ஜோடியா நிக்க வெச்சு, மொதல்ல மெதுவா, அப்புறம் நிஜமா இறுக்கிப் புடிக்க சொல்லி, அப்புறம் புடிச்சவங்க இழுக்க, தள்ள, எதிர்ப்பு குடுக்க சொல்லி பண்ண வை. எதிர்ப்பே குடுக்காத பார்ட்னரோட பண்ற ஹோசின்சுல்ங்கிற தற்காப்பு பயிற்சிய வெச்சு யாரையும் நம்ப வைக்காத, அது பாவம்மா.

ஒரு நாள் தற்காப்பு பயிற்சி முகாம்னு போட்டு, கத்திய தட்டி விடுறது, ரெண்டு பேர தூக்கி வீசுறதுன்னு காட்டி, பொண்ணுங்கள கைதட்ட வெச்சு அனுப்புறாங்க பாரு, அத நீ பண்ணவே பண்ணாத. ஒரு நாள்ல கை பழகாது, தைரியம் மட்டும் பழகிரும், அது தான் ஆபத்து. கத்தி வெச்சிருக்கவன்கிட்ட பொருள குடுத்துட்டு ஓடணும், ஓட முடியலன்னா தான் மத்ததெல்லாம், இத வெக்கப்படாம வாயால சொல்லிக் குடு. அதுக்குப் பதிலா உன் மொத கிளாஸ்ல பொண்ணுங்கள வரிசையா நிக்க வெச்சு, ரெண்டு உள்ளங்கையும் நெஞ்சு உயரத்துக்கு முன்னாடி வெச்சு, ஒரு கால் பின்ன வெச்சு, "தள்ளி நில்லுங்க"ன்னு சத்தமா சொல்ல வை. மொத தடவ பாதி பேருக்கு குரலே வெளிய வராது, சிரிப்பாங்க, பக்கத்துல இருக்கவங்க மூஞ்சிய பாப்பாங்க. திரும்பத் திரும்ப சொல்ல வை, வயித்துல இருந்து வரணும். அடிக்கும்போது கிஹாப்னு சத்தமா கத்துறோமே, அதோட உபயோகமே இங்க தான் ஆரம்பிக்குது. கைய அப்படி வெச்சிருந்தா பாக்குறவங்களுக்கு சண்டைக்கு வர்ற மாதிரியும் இருக்காது, முகத்த காப்பாத்த கையும் ரெடியா இருக்கும்.

அந்த அக்காகிட்ட என்ன சொல்லலாம்னு கேட்ட இல்ல. தலை உயரத்துக்கு கிக் அடிக்கணும்னு யாரும் சட்டம் போடலன்னு சொல்லு. ஒத்தக் கால்ல நின்னு முட்டிய மெதுவா தூக்கி, நீட்டி, திரும்ப மடிச்சு, கீழ வைக்காம அப்படியே ஒரு மூச்சு நிறுத்துறது, இது முழங்கால் உயரத்துல பண்ணுனாலே இடுப்பும் தொடையும் வேலை செய்யும், பேலன்ஸ் வரும். குக்கிவோன் கணக்குப்படியே பிளாக் பெல்ட் படிகள்ல ஃபர்ஸ்ட் டான்ல இருந்து செகண்ட் டானுக்கு ஒரு வருஷம், அங்க இருந்து தேர்டுக்கு ரெண்டு, ஃபோர்த்துக்கு மூணுன்னு காத்திருக்குற காலம் கூடிக்கிட்டே போகுது, யோசிச்சுப் பாரு, சின்ன வயசோட முடியுற விஷயமா இருந்தா எதுக்கு இப்படி வெக்கணும்? போட்டி உடம்புக்கு ஒரு வயசு எல்லை உண்டு, கலைக்கு அது கெடையாது. பூம்சேக்கே 2006ல இருந்து உலக சாம்பியன்ஷிப் நடக்குது, அதுல வயசு வாரியா பிரிவு வெச்சிருக்காங்க, பெரியவங்க வந்து நிக்கிறாங்க. அந்த அக்கா போட்டிக்குப் போக வேணாம், ஆனா வயசு தடைன்னு மட்டும் நினைக்க வேணாம்.

பெத்தவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லு, இது எனக்கு ரொம்பப் புடிச்சது. 2016ல டேக்வாண்டோ ஹியூமனிட்டேரியன் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதே உலக ஃபெடரேஷன் ஆளுங்க தான். ஜோர்டான்ல அஸ்ரக்னு சிரியா அகதிகள் முகாம், அங்க பசங்களுக்கு கிளாஸ் எடுத்தாங்க. வீடு போய், ஊர் போய் உக்காந்திருக்குற பிள்ளைங்களுக்கு மெடல் குடுக்கவா அங்க போனாங்க? தினமும் ஒரு நேரத்துக்கு வந்து, வரிசைல நின்னு, மாஸ்டருக்கு கியோங்னேன்னு குனிஞ்சு வணக்கம் சொல்லி, ஒரு அசைவ நேத்த விட இன்னைக்கு நல்லா பண்றதுக்கு ஒரு இடம் வேணும்னு தான் போனாங்க. அங்க கத்துக்க ஆரம்பிச்ச யாஹ்யா அல் கோதனி 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல அகதிகள் டீம் கொடிய தூக்குனவங்கள்ல ஒருத்தர். மெடல் மெடல்னு கேக்குற அப்பா அம்மாகிட்ட இந்தக் கதைய சொல்லு. அஸ்திவாரம் சரியா இருந்தா போட்டி தானா அது மேல நிக்கும், பிள்ளைக்கு போட்டி வேணாம்னா கூட அஸ்திவாரம் அவன்கிட்டயே இருக்கும்.

இனி வேலைக்கு வருவோம். உன் போர்டுல மெடல் மாட்டிக்கிட்டு நிக்கிற போட்டோவ மட்டும் போட்டிருக்க, அத எடுக்க வேணாம், ஆனா பக்கத்துலயே பெரியவங்க பயிற்சி பண்ற போட்டோவும் வை. போட்டி டீம தனி நேரத்துல வை, விருப்பப்பட்டவங்க மட்டும் வரட்டும், மத்தவங்கள "நீ டீம்ல இல்லயா"ன்னு யாரும் கேக்காத மாதிரி பாத்துக்கோ. ஏன்னா டீம்ல எடுபடாத பிள்ளை தான் சத்தமில்லாம நின்னு போயிரும், அந்தப் பிள்ளைக்கு தான் பெரும்பாலும் இந்தக் கலை ரொம்ப வேண்டியிருக்கும். பெத்தவங்களையும் வாசல்ல உக்கார வெச்சு போன் பாக்க விடாத, மாசத்துல ஒரு கிளாஸ் அவங்களையும் உள்ள கூப்புடு, பேட் புடிக்க சொல்லு, தன் பிள்ளை அடிக்கிற கிக்க கைல வாங்கிப் பாத்த அப்பாவுக்கு அதுக்கப்புறம் சர்டிபிகேட் பத்தி கேக்கத் தோணாது, நான் எத்தனையோ தடவ பாத்துட்டேன்.

பெல்ட் டெஸ்ட்ல ஒண்ணு மட்டும் சேத்துக்கோ. பூம்சே முடிச்சதும் அதுல ஏதாவது ஒரு அசைவ நீ சொல்லு, பார்ட்னரோட அத அவங்க உபயோகிச்சுக் காட்டணும். அழகா பண்ணிட்டு அர்த்தம் தெரியலன்னா அடுத்த தடவ வரட்டும், பணம் கட்டிட்டாங்கன்னு பெல்ட்ட நீட்டாத. இதனால ஆரம்பத்துல ரெண்டு மூணு பேரு வேற கிளாஸுக்குப் போவாங்க, போகட்டும், கலங்காத.

இல் ஜாங்ல இருந்து எட்டாவதான பல் ஜாங் வரைக்கும் எந்த அசைவுக்கு என்ன பயிற்சி குடுக்கலாம்னு ஒரு நோட்ல எழுதிட்டு இருக்கேன், நாலு வரைக்கும் முடிஞ்சிருக்கு, அத போட்டோ எடுத்து அனுப்புறேன். நீ பண்ணிப் பாத்து எது வேலை செய்யுது எது செய்யலன்னு எழுது, குறிப்பா உன்ன விட பெரிய ஆளு புடிக்கும்போது. அந்த அக்காவ சனிக்கிழமை சும்மா வந்து பாக்க சொல்லு, டோபாக்ங்கிற பயிற்சி டிரஸ் எல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம்.

அன்புடன்,
அப்பா